அருவியடியில் கொஞ்சம் தூக்கம்

வந்திருப்பது நான், அக்கா, அவள் வீட்டுக்காரரான மாமா. பின்னால் விசிலோடு காட்டுக் காவலர். கடைசி ஆளையும் வெளியே அனுப்பினால்தான் அவர் வீட்டுக்குப் போகமுடியும். மழைக்காட்டு நடைபாதை முடிகிற இடத்தில் அருவி கொட்டுகிறது. இலைகளில் வடிந்து வரும் மாலை வெளிச்சம் பச்சையாக இருக்கிறது. மாமா கெண்டைக்காலில் ஒட்டிய அட்டையைப் பிய்க்கிறார். நான் பாறையில் மல்லாந்து கிடக்கிறேன். நூற்பாலையில் இரவு ஷிப்டை விட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இடைவேளைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சு மூட்டைமேல் தூங்கிப் பழகியவனுக்கு வீட்டின் அமைதி ஆகவில்லை. அந்த வேலை வேண்டாம். இரைச்சல் மட்டும் வேண்டியிருக்கிறது. இங்கே அது இருக்கிறது. கண் சொருகுகிறது.

“குளிக்கக் கூட்டிட்டு வந்தா, உன் தம்பி கொறட்டை விடப் போறான்” என்கிறார் மாமா.

“சும்மா இருங்க. அவன் தூங்கி எவ்வளவு நாளாச்சு.” அக்கா ஈரத் துண்டை மடித்து என் தலைக்கடியில் வைக்கிறாள்.

காவலர் விசில் ஊதுகிறார். “தூங்க வீடு இல்லையாம்மா?”

“வீடு இருக்குண்ணே. அங்க தூக்கந்தான் வரமாட்டேங்குது.”

காவலர் பாறை விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தண்ணீரை வடிக்கிறார். அதை மெதுவாகவே செய்கிறார். பச்சை வெளிச்சம் கறுக்கத் தொடங்கியதும் என் தோளைத் தொடுகிறார். “எந்திரி தம்பி. இதுக்கு மேல வழி தெரியாது.”

ஒவ்வொரு திருப்பத்திலும் அருவி மெலிகிறது. நடைபாதையின் வாசலைத் தாண்டி நின்று காதைத் தீட்டிக் கேட்கிறேன். ஒன்றுமே கேட்கவில்லை. காவலர் இரும்புக் கதவை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்திப் பூட்டுகிறார்.