ஒழுகாத அறை

"கக்கூஸ்லயா? என் பட்டு நூலையா?"

கலியாணசுந்தரம் முதலாளி போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரைக் குடிசைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன.

அம்சா கழிப்பறை வாசலில் பாவு மூட்டையும் கையுமாக நின்றாள். முதலாளி கொடுத்த பட்டு நூல் அது. இப்போது தறியில் ஓடும் புடவை முடிந்ததும் அடுத்து ஏற்ற வேண்டியது.

"கோவப்படாதீங்க மொதலாளி. வீடு பூரா ஒழுவுது. இருக்கிற தார்ப்பாய் தறிய மூடவே சரியா இருக்குது. கான்கிரீட்டு போட்டது இது ஒண்ணுதான். அதான்..."

"அதுக்காக? முகூர்த்தப் பட்டும்மா இது! மணவறையில கட்டிக்கினு உட்கார்ற பொண்ணுக்குத் தெரிஞ்சா என்னா ஆவறது?"

"இத ஒருநாள்கூட யாரும் கக்கூஸா பொழங்கல மொதலாளி. பைப்பே இல்லியே."

"பொழங்கினா என்ன, பொழங்காட்டி என்ன? பேரு கக்கூஸ்தானே?"



அந்தக் கழிப்பறையும் லேசில் வந்துவிடவில்லை. ஒரு தேர்தலுக்கு நாலு சுவர் வந்தது. அடுத்த தேர்தலுக்கு மேலே கான்கிரீட்டும் கதவும். அப்புறம் நல்ல நாள் பார்த்துப் பீங்கான். பாதாளச் சாக்கடை பைப்போ தெருமுனை வரை வந்து மூச்சு வாங்க நின்றது, நின்றதுதான். இப்போதுதான் மனசு இரங்கி வாசலுக்கு வந்திருக்கிறது. நாளைக் காலை இணைப்பு கொடுக்க ஆள் வருகிறது. அதற்காகத்தான் அம்சா அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்தா முதலாளி வந்து நிற்க வேண்டும்!

நாளையிலிருந்து மகள் திரிஷா விடியுமுன் முள்புதர்ப் பக்கம் போக வேண்டாம். வழியில் நின்று பாட்டுப் பாடும் பயல்களுக்குப் பயப்பட வேண்டாம். காலேஜ் போகிற பெண் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். அந்த நினைப்பில் காலையிலிருந்து அம்சாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"குடு இங்க. இனிமே உனக்குப் பாவு கெடையாது. சுத்தம் தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் குடுத்துக்கறேன்."

மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு முதலாளி நடந்தார். பாவு இல்லாவிட்டால் தறி சும்மா. தறி சும்மா என்றால் அடுப்பும் சும்மாதான்.

கார் நின்றதோ தெருமுனையில். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மூட்டையை மார்போடு அணைத்தபடி முதலாளி அம்சா வீட்டுக்குள் ஓடி வந்தார். தலையில் சொட்டியது. நகர்ந்தார். அங்கேயும் சொட்டியது. மூலைக்குப் போனார். மூலையில் ஊற்றியது.

அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். கழிப்பறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

மழை விட்டதும் வெளியே வந்தார். மூட்டையில் பொட்டு ஈரம் இல்லை. உள்ளே இருந்தபோதே பக்கத்து ஊர் ஓரிக்கையிலிருந்து போன் வந்திருந்தது. அங்கே நெசவுக்குக் கொடுத்திருந்த பாவெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டதாம்.

முதலாளியின் குரல் குழைந்தது.

"அம்சா, இது உங்கிட்டயே இருக்கட்டும்மா. இன்னும் நாலு மூட்டை அனுப்பறேன், எல்லாத்தையும் இதுக்குள்ளயே வச்சுடு. நாளைக்கு வர்ற ஆளுங்ககிட்ட மட்டும், மழை சீசன் முடிஞ்சு வாங்கன்னு சொல்லிடு. இத்தினி வருஷம் சமாளிச்சீங்க. இன்னும் ரெண்டு மாசம்தானே?"

அம்சா திரும்பி, வீட்டு வாசலில் நின்றிருந்த மகளைப் பார்த்தாள். திரிஷாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

அம்சா மூட்டையை வாங்கவில்லை.

"உங்க வீட்டு கக்கூஸு இத விடப் பெருசா இருக்குமே, மொதலாளி. பட்டு மூட்டைய அதுல வச்சுட்டு, ரெண்டு மாசம் நீங்க முள்ளுப்பொதர் பக்கம் வந்து போங்களேன்."