கொடியில் ஒரு மஞ்சள் துணி

கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி முடித்ததும் தச்சர் ஏகாம்பரம், துடைத்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி, ஒன்றையொன்று தொடாமல் கொடியில் விரித்துப் போட்டார்.

மஞ்சள் துணிக்கு அழுகையாக வந்தது. "காற்றே, எங்களை ஒரு மூலையில தள்ளிவிடேன். ஒட்டிக் கிடந்தா கதகதப்பா இருக்கும்ல?"

"அந்தக் கதகதப்புதான் ஆகாது" என்றது காற்று. "போன வருஷம் உன்னை மாதிரி எண்ணெய்த் துணிங்க ஒரே குவியலா கிடந்துச்சுங்க. யாரும் நெருப்பு வைக்கல. உள்ளே சூடு ஏறி ஏறித் தானா பத்திக்கிச்சு. பழைய பட்டறையே போச்சு."

மஞ்சள் துணி பக்கத்துத் துணியைப் பார்த்தது. பிறகு கேட்டது: "பத்திக்கிறதுக்கு முன்னாடி அதுங்க எப்படி இருந்துச்சுங்க?"

காற்று கொஞ்சம் தயங்கியது. "சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்துச்சுங்க."

சில நாட்களில் எண்ணெய் இறுகி, துணிகள் காய்ந்து விறைத்துப்போயின. ஏகாம்பரம் தட்டிப் பார்த்தார். "இனி பயமில்ல, ஒண்ணா கிடங்க" என்று எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டார்.

மஞ்சள் துணி ஆசையாகப் பக்கத்துத் துணியின் மேல் சாய்ந்துகொள்ளப் பார்த்தது. உடம்பு மடங்கவில்லை. பக்கத்துத் துணிக்கும் மடங்கவில்லை. இரண்டும் மொடமொடவென்று உரசிக்கொண்டன, அவ்வளவுதான்.