எதுவும் கேட்க மாட்டோம்

"சார், இதைப் பாத்தீங்களா? இது விளம்பரமா, இல்ல பெத்தவங்களைத் தள்ளிவிட்டுட்டுப் போங்கன்னு அழைப்பா?"

உம்மே ஹானி கம்ப்யூட்டர் திரையை முதலாளி வளவன் பக்கம் திருப்பினாள்.

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில், மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். ஊரிலுள்ள கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டுக் கொடுப்பார்கள். விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் வருமே, 'எப்போதும் வெந்நீர்', 'கோபுரம் தெரியும் அறை' என்று, அந்தத் துண்டு வரிகளையெல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டும் சாப்ட்வேர் ஒன்றை அன்றைக்குத்தான் வாங்கியிருந்தார்கள். பழசாகிப்போன வரிகளைக் களையெடுக்கும் வேலை உம்மே ஹானிக்கு.

அந்த வரிசையில் லாட்ஜுக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ரேணுகாம்பாள் நடத்தும் முதியோர் இல்லத்தின் விளம்பரம். அதன் கீழே ஒரு வரி.

'எதுவும் கேட்க மாட்டோம்.'

"அந்தம்மா போடச் சொன்னாங்க, போட்டோம். நமக்கென்ன?" என்றார் வளவன்.

"ஆதார் கேக்க மாட்டாங்க, அட்ரஸ் கேக்க மாட்டாங்க. அம்மா அப்பாவைக் கொண்டாந்து தள்ளிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். நல்லா இருக்கு சார் வியாபாரம்!"

"எதுக்கும் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

கேட்டாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் பாப்பா. அதைப் பாத்துதான் ஜாஸ்தி பேர் வர்றாங்க" என்றாள் ரேணுகாம்பாள். பின்னால் யாரோ சாப்பாட்டுக்குக் குரல் கொடுக்க, போனை வைத்துவிட்டாள்.

ஜாஸ்தி பேர் வர்றாங்களாமே! உம்மே ஹானிக்குக் கோபம் தலைக்கேறியது. நல்ல பெண்தான். அநியாயத்தைக் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது. யாரிடமும் சொல்லாமல் அந்த வரியைத் தூக்கிவிட்டு, 'அன்பே எங்கள் அடையாளம்' என்று போட்டாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ருசித்தது.

பௌர்ணமி வந்தது. மலை சுற்ற வந்த ஜனத்தில் ஊர் பிதுங்கியது. கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போன மறுநாள், ரேணுகாம்பாள் ஆபீஸ் படியேறி வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்த உம்மே ஹானி, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"அந்த வரியை எடுத்துட்டியா பாப்பா?"

"ஆமாங்க. பெத்தவங்களை விட்டுட்டு ஓடறவங்களுக்கு நாங்க வழி காட்ட முடியாது."

ரேணுகாம்பாள் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பௌர்ணமிக்கு முந்தின நாள் ஒருத்தன் போன் பண்ணான். 'எதுவும் கேக்க மாட்டோம்னு போட்டிருந்தீங்களே, இப்ப காணோமே'ன்னான். 'கேக்க மாட்டேன் தம்பி, கூட்டிட்டு வா'ன்னேன். நம்பல. 'போலீஸ்ல மாட்டி விட்டுருவீங்க'ன்னு சொல்லி போனை வெச்சுட்டான்."

"அப்புறம்?" என்றாள் உம்மே ஹானி.

"நேத்து காலையில, கூட்டம் கலைஞ்சப்புறம், அடி அண்ணாமலைகிட்ட, மலை சுத்துற பாதையோரம் ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களாம். யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்கல. 'எம்புள்ள தண்ணி வாங்கப் போயிருக்கான், நான் நகந்தா தேடுவான்'னு சொல்லிக்கினே இருந்தாங்களாம். மத்தியானம் வரைக்கும் அந்த வெயில்ல. எனக்குச் சேதி வந்து நான் ஆட்டோ எடுத்துட்டுப் போறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

உம்மே ஹானி பழி போட ஆள் தேடினாள்.

"அவனைப் புடிச்சு உள்ள தள்ளணும்ங்க. அவனுக்கெல்லாம் போய் நீங்க ஏன் இடம் குடுக்கணும்?"

"அவனுக்கா குடுத்தேன்? விடணும்னு முடிவு பண்ணவன் எங்கயாச்சும் விடத்தான் போறான். கேள்வி கேட்டா ரோட்டுல விடுவான். கேக்கலைன்னா என் வாசல்ல விடுவான். வாசல்ல விட்டா அவங்களுக்கு ஒரு வாய் சோறாவது நான் போடலாம் இல்ல?"

உம்மே ஹானியின் குரல் தாழ்ந்தது.

"போன் பண்ணவனும் அந்தம்மா புள்ளையும் வேற வேற ஆளா இருக்கலாம் இல்லீங்களா? எப்படிச் சொல்ல முடியும்?"

"நானும் நேத்து ராத்திரி பூரா அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கினேன்" என்ற ரேணுகாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் காலையில அவனே வந்துட்டான். 'அன்னிக்குப் போன் பண்ணவன் நான்தான், அம்மாவை அடி அண்ணாமலைகிட்ட உக்கார வெச்சிட்டுப் போனேங்க, மனசு கேக்கல, யாராவது உங்ககிட்ட கொண்டாந்து சேத்தாங்களா, அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்'னு என் வாசல்ல நின்னு அழுவுறான் பாப்பா."