கண்ணை மூடிக் கேட்ட பாட்டு

அவன் கண்ணை மூடியிருந்தான்.

மேடையில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள்.

வரவேற்புக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்தார்கள். அவள் மட்டும் மேடைக்குக் கீழே, சவுண்டு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த தன் புருஷன் தவமணியைப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் பாடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த பாட்டு. இருவர் பெயரும் அதில் வந்தது. யாரும் கேட்டிராத மெட்டு. தேன் குரல் என்று சொல்ல முடியாது. லேசாகக் கரகரத்தது, அழுது முடித்தவள் பாடுவதுபோல.

தவமணி தலையை மெல்ல ஆட்டினான். கண்ணைத் திறக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடும் கச்சேரிக்கெல்லாம் அவன்தான் சவுண்டு. அவள் பாட்டுக்கு ஒருநாளும் அவன் கண் மூடியதில்லை.

பாட்டு முடிந்ததும் மேடை ஓரத்தில் குனிந்து கேட்டாள்.

“யாருங்க பாடுனது?”

“ஆளு இல்ல. கம்ப்யூட்டர்ல போட்டதாம்.”

சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. அது அவளுக்குச் சுருக்கென்றது.

பொம்பளையாக இருந்தால் ஊர், பேர் விசாரிக்கலாம். பல்லு எடுப்பு என்று சொல்லியாவது மனசு ஆறலாம்.

இதற்கு வாயே இல்லை.

பெண்ணின் அம்மா பட்டுச்சேலை சரசரக்க வந்தாள். அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அவன் போட்டான். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

இந்த முறை அவள் பாட்டைக் கேட்டாள். பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோல, ஒரு சொல் விடாமல்.

முடிந்ததும் மைக்கை எடுத்தாள்.

“இதையே இப்ப நான் பாடுறேன்.”

கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு சுருதி பிடித்தார்.

பாடினாள். பந்திக்குக் கிளம்பியவர்கள் நின்றார்கள். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண், சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பாடியவளோ தவமணியை மட்டும் பார்த்தாள்.

அவன் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவள் தொண்டையிலேயே நின்றன.

சரணத்தில் ஒரு நீளமான வரி. மூச்சு வாங்க இடமே இல்லாத வரி. கம்ப்யூட்டருக்கு எதற்கு மூச்சு?

அவள் தம் கட்டிப் பார்த்தாள். பாதியில் குரல் உடைந்தது.

யாரும் கவனிக்கவில்லை. கைதட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று தட்டினான்.

அவள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள். பாட்டிலைத் திறந்தாள். குடிக்கவில்லை.

“அது பாடுனா கண்ண மூடிக்கிறீங்க. நான் பாடுனா மட்டும் முழிச்சு முழிச்சுப் பாக்குறீங்க.”

தவமணி ஏதோ ஒரு வயரை அழுத்திச் செருகினான்.

“அது பாடுறப்ப எனக்கு வேலை இல்லையே. நீ ஒரு வரிக்கு ஏறுற, ஒரு வரிக்கு எறங்குற. நான் சவுண்ட ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கணும். கண்ண மூடுனா என்னாகுறது?”

அது அலுப்பா, வேறு ஏதாவதா? அவள் அவன் முகத்தில் தேடினாள். அவன் அடுத்த வயருக்குக் குனிந்துவிட்டான்.

மேடையேறினாள்.

அடுத்தது பழைய டூயட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவாள்.

இரண்டாவது வரியில் மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

ஸ்பீக்கரில் குரல் குறையவில்லை.

கீழே பார்த்தாள். மிக்ஸரில் அவன் விரல் மேலே ஏறியிருந்தது.

சட்டென்று மைக்கை உதட்டருகே கொண்டுவந்தாள். விரல் இறங்கியது.

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை பலூனுக்கு அழுதது.

தவமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள். பல்லவிக்குத் திரும்பினாள். மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.