மாப்பிள்ளை ஏறிய கேரவன்

"ஏப்பா சார்லஸு, நான் கூட வந்தா வண்டி ஒழுங்கா ஓடுது. நீ தனியா போனா மட்டும் நின்னுருது. எங்கிட்டயே வேலையக் காட்டுறியா?"

கேட்டது மகேஸ்வரி. டிரைவர் சார்லஸ் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற டீசல் கேரவன். திண்டுக்கல்லில் வாடகைக்கு விடுகிறாள் மகேஸ்வரி. நன்றாகத்தான் ஓடும். திடீரென்று இழுவை குறையும், இருமும், நின்றுவிடும். செத்த நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மெக்கானிக்கும் ஃபில்டரை மாற்றிப் பார்த்தார், பம்ப்பைக் கழற்றி மாட்டினார். வண்டியின் குணம் மட்டும் மாறவில்லை.

'வேணும்னே நிறுத்திட்டுத் தூங்குறான்' என்பது மகேஸ்வரியின் முடிவு.

அவளுக்கு அவன் மேல் எப்போதும் ஒரு சந்தேகக் கண். டீசலைத் திருடிவிடுவானோ என்று டேங்க் மூடிக்கே பூட்டு போட்டவள். திண்டுக்கல்காரி பூட்டு போட்டால் சும்மாவா? மூடியும் பூட்டும் ஒன்றாகப் பட்டறையில் சொல்லிச் செய்தது. "காத்துகூட உள்ள போகாது" என்று தெருவெல்லாம் பெருமை பேசினாள். சாவி அவள் இடுப்பில். கூடப் போகும்போது ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசலைப் பார்த்த பிறகுதான் டீ குடிப்பாள்.

இன்றைக்குப் பழனி தாண்டிக் கீரனூரில் கல்யாணம். மாப்பிள்ளை அஜித்துக்குப் பைக்கிலிருந்து விழுந்ததில் காலில் மாவுக்கட்டு. படுத்தபடிதான் போக முடியும்.

"முகூர்த்தத்துக்குக் கொண்டு போய்ச் சேக்கிறது என் பொறுப்பு" என்று மகேஸ்வரியும் ஏறிக்கொண்டாள். சார்லஸிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கு நின்னுச்சு, நாளையிலருந்து நீ வேற வேலை பாத்துக்க."

அவசரத்தில் வழியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வண்டி இருமியது. நின்றது.

"என் புள்ளைய நடுரோட்டுல படுக்க வச்சிட்டியேடி" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒச்சாயி தலையில் கை வைத்தாள்.

"பொண்ணை இங்க கூட்டியாரச் சொல்லுவமாம்மா? கட்டில் இருக்குல்ல?" என்றான் அஜித்.

"வாய மூடுறா."

மகேஸ்வரி சார்லஸை முறைத்தாள். "டீசலை வித்துட்டியா?"

விறுவிறுவென்று இறங்கிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். மூடி வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். உஸ்ஸென்று டேங்க் காற்றை இழுத்துக்கொண்டது.

குச்சியை விட்டாள். முக்கால் டேங்க் டீசல் அப்படியே இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணு."

ஒரே திருகில் பிடித்துக்கொண்டது.

மூடியும் கையுமாக அவள் அப்படியே நின்றாள். "நான் வந்தா நிக்காது. நான் வந்தா என்ன பண்ணுவேன்? மூடியத் திறப்பேன். இன்னைக்குத்தான் திறக்கல." அவள் குரல் ஏறியது. "டீசல் குறையக் குறைய, அந்த எடத்துக்குக் காத்து போகணும்ல? இந்தப் பூட்டுதான் விடலையே."

மூடியைத் தூக்கி வண்டிக்குள் போட்டாள். டேங்க் வாயில் கைக்குட்டையை வைத்துக் கட்டினாள். "விடுப்பா வண்டிய."

பழனி வந்தது, போனது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. கீரனூர் மண்டபத்து வாசலில் மேளம் கொட்ட, மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கிப்போய் மணவறையில் வைத்தார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் தாலி ஏறியது. ஒச்சாயி முதல் ஆளாக மகேஸ்வரிக்குத்தான் சந்தனம் கொடுத்தாள்.

பந்தியில் மகேஸ்வரியைப் பிடிக்க முடியவில்லை. "ஏனுங்க, நீங்களே கண்டுபிடிச்சீங்களா?" என்று பெண் வீட்டார் கேட்கக் கேட்க, கதை வளர்ந்துகொண்டே போனது. மெக்கானிக்குக்கும் போன் போட்டு ஒரு தடவை சொன்னாள்.

பக்கத்து இலையில் சார்லஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இம்புட்டு நாளா நீதானப்பா ஓட்டுற. உனக்குத் தோணலையே?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"போன மாசமே தோணுச்சுக்கா."

"பெறகு ஏம்ப்பா வாயத் தொறக்கல?"

சார்லஸ் பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே சொன்னான்.

"டீசல் டேங்க் பூட்டக் கழட்டுங்கன்னு நானே வந்து சொல்லியிருந்தா, நீங்க என்னைய என்னன்னு நெனச்சிருப்பீங்க?"