கடைசியாகப் பேசியது எப்போது

"கடைசியா எத்தனை மணிக்கு நல்லா பேசினாங்க?"

டாக்டர் இதை இரண்டாவது முறையாகக் கேட்டார். சின்ன வயதுப் பெண். குரலில் அவசரம் இருந்தது, கோபம் இல்லை.

பதில் சொல்ல வேண்டியவர் நோயாளியின் கணவர். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதினாறு வருடமாகப் போன் எடுப்பவர். அழுது அரற்றுகிறவர்களிடமிருந்து தெரு, வீட்டு எண், எத்தனையாவது மாடி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வண்டி அனுப்புகிறவர்.

காலை ஏழு மணிக்கு மனைவி ஏதோ சொன்னாள். அவர் ஷூ மாட்டிக்கொண்டே "சரி" என்றார். எதற்குச் சரி என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை.

"ஊருக்கெல்லாம் காது, எனக்கு மட்டும் செவிடு" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். அது மட்டும் காதில் நிற்கிறது.

மூன்றேகாலுக்குப் பக்கத்து வீட்டம்மா, இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியைத் திருப்பித் தர வந்து சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். மனைவி சமையலறைத் தரையில் கிடந்தாள். வலது பக்கம் துவண்டிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. கரைக்க ஊசி இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"பன்னிரண்டு மணிக்கு மேல யார்கிட்டயாவது நல்லா பேசியிருந்தாங்கன்னா உடனே போட்டுடலாம் சார். குத்துமதிப்பா மட்டும் சொல்லிடாதீங்க. நேரம் தாண்டிப் போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து."

பன்னிரண்டரை என்று சொல்ல நுனி நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

அக்கா!

சாப்பிட்டு முடித்ததும் அவள் தன் அக்காவோடு பேசாத நாள் கிடையாது. பேச உட்கார்ந்தால் போன் சூடாகும், அடுப்பில் வைத்தது தீயும்.

நர்ஸிடமிருந்து மனைவியின் போனை வாங்கினார். பூட்டு இரண்டு முறை திறக்க மறுத்தது.

அக்காவின் அழைப்பு இருந்தது. ஒன்றரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. இரண்டும் சிவப்பில். எடுக்கவில்லை.

அதற்குக் கீழே, இன்று அவளாக அழைத்தது ஒன்றே ஒன்று. பத்து நாற்பத்திரண்டு. பத்தொன்பது விநாடி.

எண்ணைப் பார்த்தார். மூன்றே இலக்கம். அவர் வேலை பார்க்கும் அறையின் எண்.

அங்கே காலையில் ஆறு பேர் உட்காருவார்கள். அழைப்பு யாருக்கு விழும் என்பது இயந்திரத்தின் இஷ்டம். திரையில் எண் மட்டும்தான் வரும், பெயர் வராது.

அவருடைய போனில் அவள் பெயர் 'மகாராணி'. பெயரைத் தொட்டால் போதும், பேசிவிடலாம். அவளுடைய பத்து இலக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை.

டாக்டர் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க சார். பேசினாங்களா?"

"பத்து நாப்பத்திரண்டுக்குப் பேசினா. அப்பவே நாக்கு குழறிடுச்சு. ஊசி போடாதீங்கம்மா."

டாக்டரின் பேனா நின்றது. "உறுதியா தெரியுமா? யார் சொன்னாங்க?"

"நான்தான் எடுத்தேன்" என்றார். "காலையிலயே குடிச்சிட்டு விளையாடுறியான்னு திட்டி, வெச்சுட்டேன்."