வட்டத்துக்கு வெளியே

ஆஸ்பத்திரி லேபில், மைக்ராஸ்கோப் இருக்கும் இருட்டறைக்குள் போன சீனியர் கதவைத் தாழ்போட்டு வெகுநேரமாகிவிட்டது. வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"உன் தலையை உருட்ட ஆதாரம் சேர்க்குது," என்றாள் சோதனைக்குத் திசுவை மெல்லிசாய்ச் சீவித் தரும் அக்கா. "அந்தச் சிடுமூஞ்சி பெத்த பொண்ணையே விடாது."

உருண்டால் உருளட்டும் என்றிருந்தது அவளுக்கு.

திசுவில் இருக்கும் நோய் அடையாளத்தை, முதலில் ஊற்றும் ஆன்டிபாடி பிடிக்கும். சாயத்தோடு வரும் இரண்டாவது, அந்த முதலாவதைப் பிடிக்கும். பிடித்தால் பச்சையாய் ஒளிரும்.

போன மாதம் முதலாவது வேறு வகையில் வந்திருந்தது. ஐஜிஜி என்கிற வகை போய் ஐஜிஎம் என்கிற வகை. அவள் கவனிக்காமல் பழைய இரண்டாவதையே ஊற்றினாள். அதற்கு ஐஜிஜியை மட்டும்தான் பிடிக்கத் தெரியும். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கக் கூடவே போடவேண்டிய சோதனை ஸ்லைடையும், நேரமாகிறதென்று விட்டுவிட்டாள்.

'அடையாளம் இல்லை' என்று ரிப்போர்ட் போனது. அடையாளம் இல்லாதவருக்கு அந்த மருந்து கிடையாது. பஸ் டிரைவர் ஒருவருக்கும் அப்படித்தான் கிடைக்கவில்லை. போன வாரம் இறந்துபோனார். வலிக்குக் கொடுத்திருந்ததில் மிச்ச மாத்திரைகள் வேறு யாருக்காவது ஆகட்டும் என்று அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்ததை அவள் பார்த்தாள்.

அவருடைய அதே திசுவுக்கு, சரியான இரண்டாவதைப் போட்டு இன்று சீனியரே சாயமேற்றியிருந்தார். ஒளிர்ந்தால், அந்த மனிதர் பிழைத்திருக்கலாம்.

கதவு திறந்தது. டாக்டரிடம் பேசியாயிற்று, பொறுப்பு தன்னுடையதென்று சொல்லியாயிற்று, போன மாதத்து மற்ற நோயாளிகளின் ஸ்லைடுகளை இன்றே திரும்பப் போடவேண்டும் என்று வழக்கமான கடுகடுப்போடு சொல்லிவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டார்.

"வந்து பாரு. சரியானதைப் போட்டும் ஒண்ணும் தெரியல. நீ ஒழுங்கா செஞ்சிருந்தாலும் அவருக்கு மருந்து கிடைச்சிருக்காது. போதுமா?"

மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு வாரமாய் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது மெல்ல இறங்கியது.

பழக்கதோஷத்தில் விரல், ஸ்லைடை நகர்த்தும் திருகைத் திருப்பிவிட்டது. ஸ்லைடு ஒரு நூல் நகர்ந்தது.

இருட்டு ஒரு வட்டமாய் முடிந்தது. வட்டத்துக்கு வெளியே எங்கும் பச்சை.

ஒரே இடத்தில் நெடுநேரம் மைக்ராஸ்கோப் விளக்குப் பட்டால் சாயம் வெளுத்து, ஒளிர்வது அணைந்துபோகும். இவ்வளவு நேரமாய் அவர் உள்ளே செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அவர் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது.

ஸ்லைடைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

"ஆமா சார். ஒண்ணுமே இல்ல."